எட்டு விநாடி முன்னறிவிப்பு

“பிற்பகலில் சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்.”

காலை நிகழ்ச்சியில் இந்த வரியை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் ஐந்து விநாடியில் முடிந்துவிடும் வரி. ஒரு நாள் நேயர் ஒருவர் அழைத்தார். “நீங்க மழைன்னு சொன்னீங்கன்னு ஜட்டிமுதல் எல்லாத் துணியையும் உள்ளயே காயப் போட்டேன். ஈசூன்ல ஒரு சொட்டுகூட இல்லம்மா!” என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். அவர் பேசி முடிப்பதற்குள் ஜூரோங்கிலிருந்து இன்னொருவர் அனுப்பிய காணொளி வந்து விழுந்தது. குடை தலைகீழாக மடங்கியிருக்க, பேருந்து நிறுத்தத்தில் முழங்கால்வரை நனைந்து நின்றார் அவர்.

இருவர் சொன்னதும் உண்மை. முன்னறிவிப்பும் உண்மை. அந்த ‘சில இடங்களில்’ என்ற சொல்லைத்தான் நாம் காதில் வாங்குவதில்லை.

ஜூன் விடுமுறை வந்துவிட்டால் இந்த வரியின் எடை கூடிவிடுகிறது. திருச்சிக்கோ சென்னைக்கோ, பாலிக்கோ பினாங்குக்கோ குடும்பத்தோடு பெட்டி கட்டும் மாதம் இது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதும் இதே மாதத்தில்தான். ஆகவே இந்தப் பருவம் எப்படிப்பட்டது, இடி எப்போது வரும், வந்தால் விமானம் என்ன செய்யும், நாம் என்ன செய்யவேண்டும் என்பதை ஒருமுறை ஆற அமரப் பார்த்துவிடுவோம்.

நமக்குக் ‘கோடை’ எது?

நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்குக் கோடை, குளிர் என்ற கணக்கு பொருந்தாது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதே இங்கே பருவத்தைத் தீர்மானிக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் இடையில் காற்று நிலையில்லாமல் அலையும் இடைக்காலங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சுமார் 171 நாட்கள் மழை நாட்கள். 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுச் சராசரி இது. இடி கேட்கும் நாட்களும் ஆண்டுக்கு 160க்கும் மேல். கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் பகுதியில் அது ஏறக்குறைய 200 நாட்கள். உலகில் மின்னல் மிக அதிகமாக வெட்டும் வட்டாரங்களில் ஒன்றில்தான் நாம் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தென்மேற்குப் பருவத்தில் டிசம்பர் மாதத்தைப்போல் நாள் முழுக்க அடைமழை பெய்வது அரிது. பெரும்பாலான நாட்கள் வெயிலும் புழுக்கமுமாக இருக்கும். சில இரவுகளில் வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்காமல் தூக்கத்தைக் கெடுக்கும். நடுவில் திடீரென்று ஒரு மணி நேரம் வானம் கிழிந்து கொட்டிவிட்டுப் போகும். குறைந்த நேரம், அதிக ஆர்ப்பாட்டம்.

இடி எப்போது வரும்?

இந்தப் பருவத்து இடிமழைக்கு இரண்டு நேரங்கள் உண்டு.

முதலாவது, விடியலுக்கு முன்பிருந்து காலை வரை. இதைக் கொண்டுவருவது ‘சுமத்ரா சூறைக்காற்று’. இரவில் சுமத்ராவின் நிலமும் தீபகற்பத்தின் நிலமும் குளிர்ந்துவிடும். மலாக்கா நீரிணையின் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். இரு கரைகளிலிருந்தும் வீசும் நிலக்காற்று நீரிணையின்மேல் மோதி, ஈரக்காற்றை மேலே தள்ளும். இடிமேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து ஒரு நீண்ட சுவர்போல் வரிசை கட்டும். தென்மேற்குக் காற்று அந்தச் சுவரை அப்படியே கிழக்கே தள்ளிவரும். தீபகற்பத்தின் மேற்குக் கரையும் ஜோகூரும் சிங்கப்பூரும் அதன் பாதையில் இருக்கின்றன. நாம் அலாரத்தை அணைத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் என்று புரளும் நேரத்தில் சன்னல் படபடக்கும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் அது கடந்துவிடும்.

இது பெரும்பாலும் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்றோடு வரும். எப்போதும் அந்த வரம்புக்குள் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. 1984 ஏப்ரல் 25ஆம் தேதி தெங்காவில் பதிவான காற்றின் வேகம் மணிக்கு 144.4 கிலோமீட்டர். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலை வந்த சூறைக்காற்று, தீவின் பல இடங்களில் மரங்களைச் சாய்த்தது. அன்றைய உச்ச வேகம் மணிக்கு 83.2 கிலோமீட்டர். காலையில் வருவதுதான் வழக்கம் என்றாலும் மாலையிலும் வந்து நிற்கும் என்பதற்கு அந்த நாள் சாட்சி.

இரண்டாவது நேரம் பிற்பகல். காலை வெயில் நிலத்தைச் சுடவைக்க, கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்க, மதியத்துக்குமேல் மேகம் கோபுரமாக எழும். இப்படி உருவாகும் தனி இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுள் அரை மணி முதல் ஒரு மணி நேரம். கிழக்கிலிருந்து மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள நம் தீவில் அது எந்தப் பேட்டையின்மேல் எழும் என்று முந்தைய நாளே சொல்ல யாராலும் முடியாது. “சில இடங்களில்” என்று வானிலை ஆய்வகம் சொல்வது மழுப்பல் அல்ல. அறிவியல் அனுமதிக்கும் அளவுக்கு நேர்மையாகச் சொல்வது அது.

ஆக, முந்தைய நாள் முன்னறிவிப்பைக் கேட்டுத் திட்டம் போடுங்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்பு மழை ரேடார் படத்தைப் பார்த்து முடிவெடுங்கள். சிங்கப்பூரில் ‘மைஇஎன்வி’ செயலியிலும் மலேசியாவில் ‘மைச்சுவாச்சா’ செயலியிலும் அந்தந்த நாட்டு அதிகாரபூர்வ வானிலைத் தகவல் கிடைக்கும். தற்போதைய நிலவரத்துக்கு அதைவிட நம்பகமான இடம் வேறில்லை. வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பும் பழைய புயல் காணொளி அதற்கு ஈடாகாது.

எங்கே போகலாம்?

ஒரே பருவக்காற்று ஓர் ஊருக்கு மழையாகவும் பக்கத்து ஊருக்கு வெயிலாகவும் மாறுவது இந்த வட்டாரத்தின் விந்தை. மலைத்தொடரின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் ஆகியவற்றுக்கு இது நல்ல காலம். ஆண்டு இறுதியில் அலை பொங்கும் அந்தக் கடல் இப்போது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். இருந்தாலும் சூறைக்காற்று வீசும் காலையில் படகுகள் தாமதமாகலாம். மெர்சிங்கில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கிலும் லங்காவியிலும் மழை உச்சம் தொடுவது செப்டம்பர், அக்டோபரில்தான். ஜூன், ஜூலையில் இடையிடையே பெய்யும்.

புக்கெட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்கவேண்டும். தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். அதே நாட்டின் மறுபக்கத்தில் இருக்கும் கோ சாமுய்க்கு மழை முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூன், ஜூலையில் அது எவ்வளவோ பரவாயில்லை. பாலிக்கு இப்போது வறண்ட காலம், வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவிருக்காது. ஜப்பானின் பெரும்பகுதியில் ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை தூறல் பருவம். அதன்பின் தைவான், ஹாங்காங், ஜப்பான் பக்கம் சூறாவளிகள் அடிக்கடி உருவாகும் மாதங்கள் தொடங்கிவிடும்.

இனி ஊருக்குப் போகிறவர்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. ஜூன், ஜூலைதான் அங்கே கனமழை. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மழையைத் தடுத்துவிடுவதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு இது மழைமறைவுக் காலம். கத்திரி வெயில் மே மாதக் கடைசியிலேயே முடிந்துவிட்டது என்று நாள்காட்டி சொன்னாலும், ஜூன் மாதச் சென்னை அதைக் கேட்பதில்லை. கடல்காற்று தாமதமாக உள்ளே வரும் நாட்களில் அனல் தகிக்கும். அப்படிப்பட்ட நாட்களின் மாலையிலோ இரவிலோ இடிமழை கொட்டுவதும் உண்டு. அப்போது சென்னையில் இறங்கவேண்டிய விமானங்கள் வட்டமிடும், சில பெங்களூருக்குத் திருப்பிவிடப்படும். மழைமறைவுக்கு நடுவே ஒரு சலுகையும் இருக்கிறது. கணவாய் வழியாக வரும் காற்றில் கோயம்புத்தூர் குளிர்ந்திருக்கும். தென்காசிப் பக்கம் குற்றாலச் சாரல் தொடங்கிவிடும். இலங்கையிலும் இதே கதைதான்: கொழும்பு நனையும்போது திருகோணமலை காய்ந்திருக்கும்.

இவை பல ஆண்டுகளின் பொதுப்போக்கு. ஒரு குறிப்பிட்ட ஆண்டு இந்தப் போக்கிலிருந்து எவ்வளவு விலகும் என்பதைச் சொல்வதற்குத்தான் பருவகால முன்னோட்டம். சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை மையம் இந்த வட்டாரத்துக்கான முன்னோட்டத்தை வெளியிடுகிறது. ‘வழக்கத்தைவிட அதிகம்’, ‘வழக்கம்போல்’, ‘வழக்கத்தைவிடக் குறைவு’ என்று மூன்றாகப் பிரித்து, எதற்கு வாய்ப்பு கூடுதல் என்று அது சொல்லும். பசிபிக்கில் எல் நினோ உருவானாலோ, இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடேறிக் கிழக்குப் பக்கம் குளிர்ந்தாலோ நம் பக்கம் மழை குறையும். லா நினாவில் கூடும்.

மழை குறைந்தால் கூடவே வரும் விருந்தாளி புகைமூட்டம். 2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியது. இரண்டு நாள் கழித்து மூவாரில் மலேசியக் குறியீடு 746க்குச் சென்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. எல் நினோ ஆண்டான 2015இல் செப்டம்பர் 25ஆம் தேதி சிங்கப்பூரில் பள்ளிகள் மூடப்பட்டன. புகை அடர்ந்தால் விமானத்துக்கும் சிக்கல்தான். சிறிய விமான நிலையங்களில் பார்வைத்தூரம் குறைந்து, சேவைகள் ரத்தாகும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டிலிருந்தால் ஆகஸ்ட், செப்டம்பர் பயணத்துக்கு முன் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஏன் நகரவில்லை?

இரண்டு ஆண்டுகளுக்குமுன் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி கிளம்பினோம். எல்லாரும் உள்ளே ஏறி அமர்ந்தாயிற்று. விமானம் நகரவில்லை. சன்னலுக்கு வெளியே மழைகூட இல்லை. சற்றுத் தொலைவில் வானம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் பெட்டிகளை ஏற்றிய வண்டி பாதிச் சுமையோடு அப்படியே நின்றது. பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. ஒரு மணி நேரம் ஆனது. பின்வரிசையில் ஒருவர் “எங்க போய்ட்டானுங்க எல்லாம்?” என்று சத்தம் போட்டார். உண்மையைச் சொன்னால், என் மனத்திலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

பதில் எங்கள் புளோக்கிலேயே இருந்தது. ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர் சாங்கியில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறார். ஊரிலிருந்து திரும்பியதும் அவரிடம் கேட்டேன். “மின்னல் எச்சரிக்கை வந்துட்டா எல்லாரும் வேலையைப் போட்டுட்டு உள்ள வந்துடணும்மா. நாங்க நிக்கிறது மரமே இல்லாத பொட்டல். சுத்தி இரும்பு, எண்ணெய் வண்டி. அந்த இடத்துல உயரமா இருக்கிறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு பிளேனு, இன்னொண்ணு நாங்க” என்றார்.

தேசிய சேவை செய்தவர்களுக்கு ‘கேட் ஒன்’ என்றால் புரியும். மின்னல் ஆபத்து என்று அறிவிப்பு வந்தால் திறந்தவெளிப் பயிற்சி அந்த நொடியே நிற்கும். விமான நிலையத்தின் தார்த்தளத்திலும் அதே விதிதான். எரிபொருள் நிரப்புவது, உணவு ஏற்றுவது, பெட்டி ஏற்றுவது எல்லாம் நின்றுபோகும். மின்னல் மழைக்கு வெகுதூரம் வெளியேயும் இறங்கும் என்பதால், நமக்கு வெயில் அடிப்பதுபோல் தெரியும்போதே எச்சரிக்கை வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத் தாமதத்தின் மறுபக்கத்தில் யாரோ ஒருவருடைய அப்பா மாலையில் பத்திரமாக வீடு திரும்புகிறார். அதைத் தெரிந்துகொண்டபின் எனக்குப் பின்வரிசைக் குரலில் சேர மனம் வருவதில்லை.

ஒரு விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய்வருகிறது. காலைச் சூறைக்காற்றில் தாமதமானது, இரவில் உங்களை ஏற்றிச்செல்ல வரும்போதும் தாமதமாகவே வரும். “இங்கே வானம் தெளிவாத்தானே இருக்கு” என்று முகப்பு ஊழியரிடம் கோபப்படுவதற்குமுன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

மின்னலால் விமானத்துக்கு என்ன ஆகும்?

பயப்படும்படி ஒன்றும் ஆவதில்லை. ஒரு பயணிகள் விமானத்தைச் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறையாவது மின்னல் தாக்குகிறது. மின்சாரம் வெளிப்பக்க உலோகத்தின் வழியே ஓடி மறுமுனையில் வெளியேறிவிடும். உள்ளே இருப்பவர்களைத் தொடாது. கரியிழைக் கலவையால் செய்யப்படும் போயிங் 787 போன்ற புதிய விமானங்களில், மேல்தோலுக்குள் மெல்லிய உலோக வலை பதித்திருக்கிறார்கள். 1963இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மின்னல் தாக்கி ஒரு விமானம் வெடித்து விழுந்தபின், எரிபொருள் தொட்டிகளின் பாதுகாப்பு விதிகள் அடியோடு மாறின.

இடிமேகத்தில் விமானிகள் அஞ்சுவது மின்னலைவிடக் காற்றைத்தான். மேகத்தின் அடியிலிருந்து சில சமயம் குளிர்காற்று தூண்போல் கீழே பாய்ந்து, தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். இறங்கும் விமானம் அதற்குள் நுழைந்தால் முதலில் எதிர்காற்று, அடுத்த கணமே பின்காற்று. மேலே தாங்கும் விசை சட்டென்று குறைந்துவிடும். 1985 ஆகஸ்ட் 2ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் 137 பேரின் உயிரைக் குடித்தது இந்தக் கீழ்ப்பாய்ச்சல்தான். அந்த விபத்துக்குப் பிறகே இதை முன்கூட்டிக் கண்டறியும் கருவிகள் விமானங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் பரவலாக வந்தன. உங்கள் விமானம் ஓடுபாதையைத் தொடப்போகும் நேரத்தில் சட்டென்று மேலே ஏறினால் மனம் பதறும். ஆனால் விமானி சந்தேகத்துக்கு இடம்கொடுக்காமல் சரியான முடிவெடுத்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.

வட்டமிடும்போது எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்படுவோர் உண்டு. சேருமிடத்துக்கு மட்டுமின்றி மாற்று விமான நிலையம் ஒன்றுக்குப் போகவும், அதன்பின் அரை மணி நேரம் வானில் காத்திருக்கவும் போதுமான எரிபொருள் இருக்கவேண்டும் என்பது விதி. சாங்கிக்கு அருகிலேயே செனாய், பாத்தாம், கோலாலம்பூர் எல்லாம் இருக்கின்றன.

இறக்கை ஆடுகிறதே என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி: அது ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. பறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆகப்பெரிய சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கவேண்டும் என்பது சான்றிதழ் விதி. 1995இல் போயிங் 777இன் இறக்கையை வேண்டுமென்றே வளைத்துச் சோதித்தபோது, 154 விழுக்காட்டுச் சுமையில்தான் அது முறிந்தது.

அந்த எட்டு விநாடி

விமானம் தாங்கும். நாம்தான் தாங்கமாட்டோம்.

நம் வட்டாரத்து இடிமேகம் 16, 17 கிலோமீட்டர் உயரம்வரைகூட வளரும். பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். மேலே ஏறித் தாண்டிவிடலாம் என்பது இங்கே பல நேரம் நடக்காது, சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். பெரிய இடிமேகத்திலிருந்து குறைந்தது 37 கிலோமீட்டர் தள்ளிப் போகும்படி விமானிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. விமானத்தின் ரேடார் மழைத்துளியை நன்றாகக் காட்டும். மேகத்தின் உச்சியில் இருக்கும் பனித்துகளை அவ்வளவு நன்றாகக் காட்டாது. வேகமாக மேலெழுந்துகொண்டிருக்கும் புதிய மேகம் ஒன்று, ரேடாரில் பெரிதாகத் தெரிவதற்குமுன்பே பக்கத்தில் வந்துவிடலாம்.

2024 மே 21ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த எஸ்கியூ 321 விமானத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதில் 211 பயணிகளும் 18 சிப்பந்திகளும் இருந்தனர். மியன்மாரின் ஐராவதிப் படுகைக்குமேல் 37,000 அடி உயரத்தில் அது கடுமையாக ஆட்டங்கண்டு, பேங்காக்கில் தரையிறங்கியது. 73 வயதுப் பயணி ஒருவர் மாண்டார். பலர் தலையிலும் முதுகெலும்பிலும் காயமடைந்தனர். மேலெழும் மேகங்கள் உருவாகிக்கொண்டிருந்த பகுதியில் விமானம் பறந்திருக்கக்கூடும் என்றது, அடுத்த வாரமே வெளியான முதற்கட்ட விசாரணை அறிக்கை.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. இருக்கைவார் விளக்கு எரிகிறது என்று விமானி சொல்வது குரல்பதிவில் கேட்கிறது. அதற்கு எட்டு விநாடி கழித்து விமானம் தூக்கிப்போட்டது. 0.6 விநாடியில் ஈர்ப்புவிசை தலைகீழாக மாறியது. வார் அணியாதவர்கள் இருக்கையிலிருந்து மேலே பறந்தார்கள். சுமார் நான்கு விநாடியில் விசை மறுபடி திரும்பியது. மேலே போனவர்கள் கீழே விழுந்தார்கள். 4.6 விநாடியில் விமானம் இறங்கிய உயரம் 178 அடி, ஏறக்குறைய 19 மாடி வீவக கட்டடம்.

பருவத்துக்கு மூன்று மாத முன்னோட்டம் இருக்கிறது. வாரத்துக்கு, நாளுக்கு, அடுத்த இரண்டு மணி நேரத்துக்குக்கூட முன்னறிவிப்பு இருக்கிறது. ஆனால் 37,000 அடி உயரத்தில் கடைசி முன்னறிவிப்பு எட்டு விநாடிதான். எட்டு விநாடியில் கழிவறையிலிருந்து பாட்டி இருக்கைக்கு வந்துசேர முடியாது. போர்வைக்கடியில் தொலைந்த வாரை எடுத்து, தூங்கும் பிள்ளைக்கு மாட்டிவிடவும் முடியாது.

பருவநிலை மாற்றத்தால் ஆட்டம் கூடிவிட்டதா என்று பலர் கேட்கிறார்கள். வட அட்லாண்டிக்கில் தெளிவான வானத்தில் ஏற்படும் கடுமையான காற்றுக் கொந்தளிப்பு, 1979க்கும் 2020க்கும் இடையில் 55 விழுக்காடு கூடியதாக பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகம் 2023இல் கணக்கிட்டது. அது வேறு வானம், வேறு வகைக் கொந்தளிப்பு. நம் பக்கத்து இடிமேகத்துக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தக்கூடாது. காரணம் எதுவானாலும் தீர்வு ஒன்றுதான், அதுவும் மடியிலேயே இருக்கிறது.

கிளம்புமுன் குறித்துக்கொள்ளுங்கள்

• இணைப்பு விமானம் இருந்தால் நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள். முகூர்த்தத்துக்கு அன்று காலையில் போய் இறங்கும் திட்டம் வேண்டாம். முதல் நாளே போய்ச் சேருங்கள்.

• மருந்து, குழந்தைக்கான பால்மாவு, ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். தார்த்தளத்தில் வேலை நின்றால் பெட்டி வரத் தாமதமாகும்.

• விமானம் சமநிலைக்கு வந்து விளக்கு அணைந்தாலும் வாரை அவிழ்க்க வேண்டாம். இடுப்புக்குச் சற்றுத் தளர்வாக, ஆனால் மாட்டியபடியே வைத்திருங்கள். போர்வையின்மேல் மாட்டினால், தூங்கும்போது சிப்பந்தி எழுப்பமாட்டார்.

• மடியில் இருக்கும் கைக்குழந்தைக்கெனச் சிப்பந்தி தரும் சிறு வாரை வாங்கி மாட்டுங்கள். “நான் இறுக்கிப் பிடிச்சுக்கறேன்” என்பது அந்த நான்கு விநாடியில் நடக்காது.

• வார் விளக்கு எரியும்போது சுடுபானம் கேட்காதீர்கள். 2024 சம்பவத்துக்குப் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த நேரத்தில் சுடுபானம் பரிமாறுவதையே நிறுத்தியது.

• தரையிலும் கவனம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் நீச்சல் குளம், கடற்கரை, திடலை விட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

என் அம்மாவுக்கு இருக்கைவார் என்றாலே ஆகாது. விளக்கு அணையும் ‘டிங்’ ஓசை கேட்டதும் அவிழ்த்துவிட்டு, காலை மடக்கிச் சம்மணம் போட்டுவிடுவார். “கட்டிக்கிட்டே இருந்தா வயித்த இறுக்குதுடி, சேலையும் கசங்குது” என்பது நிரந்தரக் காரணம். கல்யாணம் முடிந்து திரும்பும்போது வங்காள விரிகுடாவுக்குமேல் தொலைவில் மேகத்துக்குள் மின்னல் விட்டுவிட்டு எரிந்தது. யாரோ திரைக்குப் பின்னால் விளக்கைப் போட்டு அணைப்பதுபோல். நான் அவரிடம் அந்த எட்டு விநாடிக் கதையைச் சொன்னேன். பதில் எதுவும் சொல்லவில்லை. மடக்கிய காலைக் கீழே விட்டார். வாரைத் தேடி எடுத்து, சேலை மடிப்பைச் சரிசெய்து, மாட்டிக்கொண்டார்.

அன்று விமானம் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் சாங்கி வந்து இறங்கியது. நான் தூங்கி எழுந்தபோது அம்மா, நடைபாதைக்கு அப்பால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். “கட்டிக்கம்மா. பிள்ளைக்கும் சின்ன பெல்ட் கேட்டு வாங்கு. எட்டே விநாடிதானாம்.”